நவமணி ரீச்சர் எடுப்பித்த படம்

நவமணி ரீச்சரைப் பற்றி யாரிடமும் கேட்டுப் பாருங்கள், தங்கமான மனுசி என்பார்கள். அது பொய்யில்லை, நானும் மறுக்கப் போவதில்லை. ஆனால் தங்கமானவர் என்று பெயரெடுத்தவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. அவர்கள் விடுகிற பிழையை மற்றவர்கள் பிழை என்று எடுத்துச் சொல்வதில்லை. தாங்களாகவே கண்டுபிடித்து, தாங்களாகவே வெட்கப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். ரீச்சருக்கும் அதுதான் நடந்தது.

இணுவிலில், அமெரிக்கன் மிஷன் கோயில் உபதேசியாரின் மகளாகப் பிறந்தவர். அந்த வீட்டில் சத்தமாகச் சிரிப்பதும் நகை போடுவதும் ஏறக்குறைய ஒரே தரத்துக் குற்றங்கள். சின்ன வயதில் யாரோ ஒரு மாமி ஆசையில் குத்திவிட்ட காதும் பத்து வயதோடு தூர்ந்துபோயிற்று. உடுப்பிட்டியில் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் ஆங்கிலம் படிப்பித்தார். கலியாணம் கட்டவில்லை. ஏன் என்று கேட்டவர்களுக்கு, "நேரம் கிடைக்கேல்லை" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவார். எண்பத்துநாலில் பென்சன் எடுத்தபோது, மனுசி இனி வீட்டோடு இருந்து கோழி வளர்க்கும் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவரோ லண்டனுக்குப் போய்விட்ட ஒரு குடும்பத்தின் பெரிய வீட்டைக் கோப்பாயில் கேட்டு வாங்கி, நாயீன் இல்லத்தைத் தொடங்கினார். நாயீன் வேதாகமத்தில் வருகிற ஊர், ஒரே மகனைப் பறிகொடுத்த ஒரு கைம்பெண்ணின் ஊர்.

அந்த நாளில் கை கால் வழங்காத பிள்ளை ஒன்று இருந்தால் வீட்டுக்காரர் அதை வெளியே காட்டமாட்டார்கள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசி வருகிறவர்கள் கண்டுவிடக்கூடாது என்று பின்னறையில் வைத்திருப்பார்கள். ரீச்சர் குடையும் கையுமாக, பஸ்ஸிலும் நடையிலும் ஊர் ஊராகப் போனார். கிணற்றடிகளில் நின்று தாய்மாரோடு கதைத்தார். ஏச்சு வாங்கினார், ஒருமுறை நாயிடம் கடியும் வாங்கினார். இரண்டு வருடத்துக்குள் அந்த வீட்டில் பதினான்கு பிள்ளைகளும், பார்க்க ஆளில்லாத வயதுபோன பெண்கள் ஒன்பது பேரும் சேர்ந்தார்கள். இவ்வளவும் அவர் ஒற்றை ஆளாக நின்று செய்தது. இதைச் சொல்லாமல் மற்றதை மட்டும் சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும்.

எண்பத்தைந்து மார்கழியில், கையில் ஒரு பனையோலைப் பையோடு குருநகரிலிருந்து லூர்த்தம்மா நடந்து வந்தாள். அறுபது வயது. கடலுக்குப் போன புருசன் திரும்பி வரவில்லை. ஆமி முகாமுக்குப் பக்கத்திலிருந்த வீடு ஷெல் விழுந்து போயிற்று. அக்காவின் மகள் அருமைநாயகியின் இரண்டறை வீட்டில், ஆறு பிள்ளைகளுக்கு நடுவில் மூன்று மாதம் இருந்து பார்த்துவிட்டு, இனியும் அவளுக்குப் பாரமாக இருக்கக்கூடாது என்று கிளம்பியவள். அதுவரை கருவாடு காயவைத்து, கடகத்தில் சுமந்து விற்றுச் சீவித்தவள்.

"இங்கை ஏதும் வேலை இருக்கோ ரீச்சர்?" என்று கேட்டாள்.

"சம்பளத்துக்கு ஆள் வைக்க எங்களிட்டை வழியில்லை. சாப்பிட்டுக்கொண்டு இங்கை இரும்."

"அது காணும். நான் சும்மா இருக்கமாட்டன்."

லூர்த்தம்மாவைப் பொறுத்தவரை வேலை கிடைத்துவிட்டது. ரீச்சர் உள்ளே போய், ஆதரவற்றவர்கள் பட்டியலில் பத்தாவது பெயராக அவள் பெயரை எழுதினார். எழுதும்போது அவருக்கு மனதில் ஒன்றும் உறுத்தவில்லை. நல்ல காரியம் ஒன்று செய்த திருப்திதான் இருந்தது.

சொன்னபடியே லூர்த்தம்மா சும்மா இருக்கவில்லை. விடிய எழும்பி முற்றம் கூட்டுவாள். பிள்ளைகளைக் குளிக்க வார்ப்பாள். தன்னைவிட வயது குறைந்த இல்லத்து அம்மாமாரின் சீலையையும் சேர்த்துத் தோய்த்துப் போடுவாள். ஸ்ரெல்லா என்று ஒரு பிள்ளை இருந்தது. எட்டு வயதாகியும் கழுத்து நிற்காது, வாயில் வைத்த சோற்றில் பாதி வெளியே வந்துவிடும். சமையல்காரி கமலாவதி சோறு தீத்தப் போனால் வாயை இறுக்கிப் பூட்டிவிடும். லூர்த்தம்மா மடியில் சாய்த்து வைத்து, சோற்றைக் குழைத்துக் குழைத்து, ஒரு மணித்தியாலம் கதை சொல்லித் தீத்தினால் ஒரு கோப்பைச் சோறும் முடிந்துவிடும். அதன் பிறகுதான் தான் சாப்பிடுவாள், அதுவும் அடுப்படியில் கமலாவதியோடு இருந்து. அம்மாமார் வரிசையாக இருந்து சாப்பிடுகிற நீட்டு மர வாங்குப் பக்கம் அவள் போனதேயில்லை.

ஆடி பிறந்தால் ரீச்சரின் மேசைக்கு முன்னால் வந்து நிற்பாள். "ரீச்சர், யாகப்பர் கோயில் கொடியேறப் போகுது. எனக்குப் பத்து நாள் லீவு வேணும்." லீவு என்ற சொல்லைக் கேட்டு ரீச்சருக்குச் சிரிப்பு வரும். இல்லத்தில் இருப்பவளுக்கு என்ன லீவு என்று நினைத்துக்கொண்டு, "போட்டு வாரும்" என்பார். குருநகரில் லூர்த்தம்மா கரை வைத்த சீலை உடுத்து, அருமைநாயகியோடு கோயிலுக்கு நடந்துபோவாள். எங்கே இருக்கிறாய் என்று கேட்பவர்களுக்கு, கோப்பாயில் ஒரு இடத்தில் வேலை, பிள்ளைகளைப் பார்க்கிறேன் என்று தலை நிமிர்ந்து சொல்வாள். சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை.

அவள் காதில் சிவப்புக்கல் வைத்த ஒரு சோடி தங்கத் தோடு இருந்தது. கழற்றவே மாட்டாள். "இது என்ரை சவப்பெட்டிக்கு" என்று கமலாவதியிடம் சொல்லியிருந்தாள். "நான் செத்த பிறகும் ஒருத்தரும் எனக்காகக் கைநீட்டித் திரியக்கூடாது." கமலாவதி இதை ரீச்சருக்கும் சொன்னாள். ரீச்சர் அதை ஒரு காதால் வாங்கி மறு காதால் விட்டுவிட்டார்.

எண்பத்தேழுச் சண்டை முடிந்து, இந்திய ஆமிக்காரர் சந்திக்குச் சந்தி நின்ற காலம். இல்லத்தில் எல்லாவற்றுக்கும் தட்டுப்பாடு. ரீச்சரிடம் படித்த பியாட்றிஸ் என்ற பெண் லண்டனில் இருந்தாள். அங்கே கோயில்களில் கொடுக்க ஒரு துண்டுப்பிரசுரம் அச்சடிக்கிறோம், ஒரு படமும் மனதை உருக்குகிற மாதிரி ஒரு கதையும் அனுப்புங்கோ ரீச்சர் என்று எழுதியிருந்தாள். யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு ஸ்ரூடியோக்காரரை ரீச்சர் வரவழைத்தார். லூர்த்தம்மா ஸ்ரெல்லாவுக்குத் தீத்துகிற மாதிரி ஒரு படம், பிள்ளையும் வயதுபோன அம்மாவும் ஒன்றாக விழும் என்பது அவருடைய எண்ணம்.

படம் எடுக்கப்போகிறார்கள் என்றதும் லூர்த்தம்மா கோயில் சீலையை உடுத்து, தலையை எண்ணெய் வைத்து இழுத்து முடிந்துகொண்டு வந்து நின்றாள். ரீச்சர் மேலும் கீழும் பார்த்தார்.

"லூர்த்தம்மா, இந்தச் சீலை வேண்டாம். அடுப்படிச் சீலையை உடுத்துக்கொண்டு வாரும்."

அவள் போய் மாற்றிக்கொண்டு வந்தாள்.

"உந்தத் தோட்டையும் ஒருக்கால் கழட்டும்."

"ஏன் ரீச்சர்?"

"தோடு போட்ட ஆளைக் கண்டால் ஆர் உதவி செய்யப் போகினம்?"

லூர்த்தம்மாவின் கை காதுக்குப் போயிற்று. பிறகு, "மூளிக்காதோடை நான் ஒரு நாளும் நிண்டதில்லை ரீச்சர்" என்றாள், மெதுவாக.

"ஒரு நிமிஷ வேலைதானே. பிள்ளையளுக்காக."

தோட்டின் சுரை வருடக்கணக்காகக் கழற்றாமல் இறுகிப்போயிருந்தது. கமலாவதி தேங்காயெண்ணெய் போட்டுத் திருகினாள். ஒரு காதில் இரத்தம் கசிந்தது. லூர்த்தம்மா முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டாள். முகம் மறைகிறது என்று ஸ்ரூடியோக்காரர் சொல்ல, ரீச்சரே தன் கையால் அந்த முந்தானையை இறக்கிவிட்டார். அந்தக் கை பிறகு அவரைப் படுத்திய பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் அன்றைக்கு அது ஒரு படம், நல்லபடியாக விழவேண்டும், அவ்வளவுதான்.

படத்தோடு போன கதையையும் ரீச்சரே ஆங்கிலத்தில் எழுதினார். முதலில், வேலை தேடி வந்த பெண் என்றுதான் எழுதினார். வாசித்துப் பார்த்தபோது அது சப்பென்று இருந்தது. அடித்துவிட்டு, யாழ்ப்பாணத் தெருக்களில் கையேந்தித் திரிந்து, பசியில் மயங்கி விழுந்து கிடந்த இந்தத் தாயை நாங்கள் தூக்கி வந்தோம் என்று எழுதினார். அகராதியைப் பிரித்து நல்ல சொற்களாகத் தேடிப் போட்டார். முப்பது வருடம் பிள்ளைகளின் கட்டுரைகளைத் திருத்திய மனுசிக்குத் தானே ஒரு கட்டுரை எழுதக் கிடைத்த சந்தோஷம். பொய் எழுதுகிறோம் என்ற நினைப்புக்கூட அந்தச் சந்தோஷத்துக்குள் தலைகாட்டவில்லை.

எட்டு மாதம் கழித்து லண்டனிலிருந்து இரண்டு சில்லுக்கதிரைகள் வந்து சேர்ந்தன. ஒன்றில் ஸ்ரெல்லாவை இருத்தி, கழுத்துக்குத் தலையணை வைத்து, லூர்த்தம்மாவே முற்றம் முழுக்கத் தள்ளிக்கொண்டு திரிந்தாள். "ரீச்சர் எழுதினால் எழுதினதுதான்" என்று கமலாவதியிடம் பெருமையாகச் சொன்னாள். என்ன எழுதினார் என்று அவளுக்குத் தெரியாது. அவளுக்கு வாசிக்கத் தெரியாது, அதுவும் ஆங்கிலம்.

எண்பத்தொன்பது ஆனி கடைசியில், ஒரு காலை நேரம், அருமைநாயகி இல்லத்துக்கு வந்தாள். கதிரை எடுத்துப் போட்டும் இருக்கவில்லை. மடியிலிருந்து ஒரு தாளை எடுத்து ரீச்சரின் மேசையில் விரித்தாள். லூர்த்தம்மாவின் படம். காது இரண்டும் மூளி. அருமைநாயகியின் தம்பி கனிசியஸ் லண்டனில் ஒரு கோயில் மண்டபத்தில் இதைக் கண்டு எடுத்து, பின்பக்கத்தில் தமிழில் பொருள் எழுதி அனுப்பியிருந்தான். கீழே ஒரு வரி: சின்னம்மாவைப் பிச்சை எடுக்க விட்டுப்போட்டு நீங்கள் என்ன செய்துகொண்டிருக்கிறியள்?

"எங்கடை ஆக்கள் எல்லாரும் பாத்திட்டினம்" என்றாள் அருமைநாயகி. "நாங்கள் இல்லாதபட்டதுகள்தான் ரீச்சர். ஆனா எங்கடை பரம்பரையிலை ஒருத்தரும் தெருவிலை கைநீட்டினதில்லை. இதை ஆர் எழுதினது?"

சத்தம் கேட்டு லூர்த்தம்மா வந்து வாசலில் நின்றாள். அருமைநாயகி பின்பக்கத்தை வாசித்துக் காட்டினாள். லூர்த்தம்மா கேட்டு முடித்துவிட்டு ரீச்சரைப் பார்த்தாள். "நான் எப்ப ரீச்சர் பிச்சை எடுத்தனான்?" அதில் கோபம் இல்லை. தெரியாததைக் கேட்கிற குரல்தான்.

அந்த இடத்தில் ரீச்சர் உண்மையைச் சொல்லியிருந்தால் இந்தக் கதையை நான் சொல்லவேண்டி வந்திராது.

"அது லண்டன்காரர் தங்கடை பாட்டுக்கு எழுதினது" என்றார்.

லூர்த்தம்மாவின் முகம் தெளிந்தது. அருமைநாயகியின் பக்கம் திரும்பினாள். "பாத்தியே? ரீச்சர் அப்பிடி எழுதமாட்டா. தெரியாமல் வந்து வாய்க்கு வந்தபடி கதைக்காதை. மன்னிப்புக் கேள்."

அருமைநாயகி மன்னிப்புக் கேட்டாள். ரீச்சர் பரவாயில்லை என்றார். அவர் வாழ்நாளில் பேசிய சொற்களிலெல்லாம் கேவலமான சொல் அந்தப் பரவாயில்லைதான். பல வருடம் கழித்தும், அதை நினைத்தால் தனியாக இருக்கும்போதுகூட முகத்தை மூடிக்கொள்வார்.

மன்னிப்புக் கேட்டாலும் அருமைநாயகி வந்த காரியத்தை விடவில்லை. "ஆர் எழுதினால் என்ன, சின்னம்மா இனி இங்கை இருக்க ஏலாது. இப்பவே என்னோடை வரட்டும்."

"ஸ்ரெல்லாவுக்கு ஆர் தீத்துறது?" என்று லூர்த்தம்மா கேட்டாள். "பத்து நாள் லீவிலை போட்டு வந்தாலே பிள்ளை பாதியாப் போகுது. நான் வரமாட்டன்."

"அப்ப திருநாளுக்கும் வரவேண்டாம். உங்களைக் கூட்டிக்கொண்டு எந்த முகத்தோடை நாங்கள் கோயிலுக்குப் போறது?" சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். லூர்த்தம்மா படலை வரை பின்னால் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்து அரிசி புடைக்கத் தொடங்கினாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ரீச்சரின் மிஷன் கோயிலில் இன்னொரு கூத்து. இல்லக் கமிற்றியின் தலைவர் நோர்மன் ஐயா பியாட்றிஸின் கடிதத்தைச் சபைக்கு வாசித்தார். "எங்கடை ரீச்சரின்ரை இங்கிலீசை லண்டனிலை மெச்சுகினமாம்" என்று சொல்லி, அந்தக் கட்டுரையிலிருந்து நாலு வரியையும் வாசித்துக் காட்டினார். சபை தலையாட்டியது. ரீச்சர் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பாடிய பாட்டு எது என்று கேட்டால் அவருக்குத் தெரியாது.

கொடியேற்ற நாள் வந்தது. லூர்த்தம்மா மேசைக்கு முன்னால் வந்து நிற்கவில்லை. ரீச்சர்தான் அவளைத் தேடிப் போனார். இப்போது சொல்லிவிடலாம் என்று போவார். அவள் நிமிர்ந்து, "என்ன ரீச்சர்?" என்பாள். "ஒண்டுமில்லை" என்று திரும்பிவிடுவார். இப்படி எட்டு நாள். ஊரெல்லாம் நாய்க்கும் ஏச்சுக்கும் பயப்படாமல் படலை தட்டிய மனுசிக்கு, தன் வீட்டு அடுப்படிக்குள் போய் ஒரு வசனம் சொல்லத் துணிவு வரவில்லை. சொன்னால் லூர்த்தம்மா கோபிப்பாளே என்றல்ல, இனிமேல் தன்னைப் பெரிதாக நினைக்கமாட்டாளே என்றுதான் பயம். இதைவிடச் சின்னத்தனம் வேறு இருக்கிறதா என்று தன்னைத்தானே கேட்டுக்கொண்டார். கேட்டும் வாய் திறக்கவில்லை.

ஒன்பதாம் நாள் காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார். ஆமிக்காரர் மறித்துச் சோதிக்கிற சென்றியில் இறங்கி ஏறி, பட்டணத்திலிருந்து நடந்து குருநகருக்குப் போய்ச் சேரப் பூசை முடிந்துவிட்டது. அருமைநாயகியின் முற்றம் நிறைய ஆட்கள். ரீச்சரைக் கண்டதும் எழும்பி இடம் விட்டார்கள். இருந்த ஒரே நல்ல கதிரைக்கு வெள்ளைத் துணி விரித்து இருத்தி, சோடா உடைத்துக் கொடுத்தார்கள். ஏசியிருந்தால் அவருக்குச் சுகமாக இருந்திருக்கும். சோடாவை நிலத்தில் வைத்துவிட்டு எழும்பி நின்று சொன்னார்.

"அந்தத் தாளிலை உள்ளதை லண்டன்காரர் எழுதேல்லை. நான்தான் எழுதினனான். தோட்டைக் கழட்டச் சொன்னதும் நான்தான். உங்கடை சின்னம்மா என்னட்டை வேலை கேட்டு வந்தவ. ஒரு நாளும் கைநீட்டினவ இல்லை."

அருமைநாயகி கையிலிருந்த பிள்ளையை இறக்கிவிட்டாள்.

"இதைச் சின்னம்மாவுக்குச் சொன்னீங்களோ?"

"இல்லை."

"அவவின்ரை சொல்லைக் கேட்டுத்தான் ரீச்சர் நான் அண்டைக்கு உங்களை ஏசாமல் வந்தனான். முதல் அவவுக்குச் சொல்லுங்கோ. நாளைக்கு நான் வந்து அவவைக் கூட்டிக்கொண்டு வாறன், மிச்சத் திருநாளுக்கு." அவ்வளவுதான் சொன்னாள். சோடாவைக் குடித்துவிட்டுப் போங்கோ என்றுகூட யாரோ சொன்னார்கள்.

ரீச்சர் திரும்பி வரும்போது மத்தியானச் சாப்பாட்டு நேரம். லூர்த்தம்மா ஸ்ரெல்லாவுக்குத் தீத்திக்கொண்டிருந்தாள். ரீச்சர் அவளுக்கு முன்னால் நிலத்தில் இருந்தார்.

"லூர்த்தம்மா, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அந்தக் கதையை எழுதினது நான்."

லூர்த்தம்மாவின் கை கோப்பைக்குள் நின்றது. "பிச்சைக்காரி எண்டோ?"

"ஓம்."

"வேலை கேட்டு வந்தவள் எண்டு எழுதியிருக்கலாமே."

"வேலைக்கு நிக்கிற ஆள் எண்டால் ஆரும் உதவமாட்டினம் எண்டு நினைச்சன்." ரீச்சருக்கு இனி ஒன்றையும் ஒளிக்க விருப்பமில்லை. "அது மட்டுமில்லை. வந்த அண்டைக்கே உங்களை ஆதரவில்லாத ஆக்கள் எண்ட பட்டியலிலைதான் பதிஞ்சனான். வேலைக்கு நிக்கிற ஆளாய் நான் உங்களை நினைக்கவேயில்லை."

லூர்த்தம்மா இதை யோசித்தாள். ஸ்ரெல்லா வாயைத் திறந்து காத்துக்கொண்டிருந்தது. மிச்சச் சோற்றையும் குழைத்து, அவசரப்படாமல் தீத்தி முடித்தாள். பிள்ளையின் வாயைத் துடைத்தாள், தலையணையைச் சரிசெய்தாள், கோப்பையைக் கழுவிக் கவிழ்த்தாள்.

"அப்ப நாலு வருஷமாய் நான் இங்கை வேலை செய்யேல்லை" என்றாள். கேள்வியாக அல்ல.

சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள். அடுப்படிப் பக்கம் போகவில்லை. கூடத்துக்குப் போய், அம்மாமார் இருக்கிற வாங்கில், வரிசையின் கடைசியில், இருந்தவர்களைக் கொஞ்சம் நகரச் சொல்லி இருந்துகொண்டாள். கை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, மற்றவர்களைப் போலச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தாள். கமலாவதி சோற்றுப் பானையோடு வந்தவள், அதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டாள். ரீச்சர் எழும்பி வந்து அவள் கையிலிருந்து பானையை வாங்கினார்.

சோறு போடுகிறவருக்கு வாங்கில் இருப்பவர்கள் சொல்லவேண்டிய வசனம் ஒன்று உண்டு. உதவி செய்கிறவர்கள் வந்தால் கேட்கச் சந்தோஷமாக இருக்குமே என்று ரீச்சரே பழக்கிவிட்டது. முதலாவது அம்மா சொன்னார், இரண்டாவது அம்மா சொன்னார், ஒன்பது பேரும் சொன்னார்கள். ரீச்சர் பத்தாவது கோப்பைக்கு வந்து சோறு போட்டார். லூர்த்தம்மா தலையைக் குனிந்தபடி கையெடுத்துக் கும்பிட்டாள்.

"கர்த்தர் உங்களை ஆசீர்வதிப்பார், அம்மா" என்றாள்.